டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக மாற்றும்போது ஏன் டென்ஸ் மாறுகிறது, எங்கே தப்பு நடக்கிறது?

"நவ் என்றால் தென், வில் என்றால் வுட் என்று அட்டவணை முழுக்க மனப்பாடம். ஆனாலும் தேர்வில் பாதிக்குப் பாதி தப்பாகிறது. அவன் சொன்னதை அப்படியே சொன்னால் என்ன, எதற்காக டென்ஸை மாற்ற வேண்டும்?" இதுதான் நீங்கள் கேட்டது. கடைசியில் கேட்டதற்கு விடை பிடிபட்டால் முதலில் சொன்ன தொல்லையில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

தமிழில் பிறர் பேச்சை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று முதலில் கவனியுங்கள். "முருகன் நாளைக்கு வர்றேன்னு சொன்னான்." வரப்போவது முருகன், சொல்வது நான். ஆனாலும் வினை 'வர்றேன்' என்று முருகன் வாயில் இருந்தபடியே நிற்கிறது. 'என்று' என்ற சொல்லைப் பேச்சில் 'ன்னு' என்று ஒட்டிவிட்டால் போதும், முன்னால் இருப்பது கேள்வியோ கட்டளையோ அலறலோ, எதுவானாலும் உள்ளே போய்விடும். "எங்கே போறேன்னு கேட்டார்", "உட்காருன்னு சொன்னார்", "ஐயோன்னு கத்தினாள்". எல்லாவற்றுக்கும் ஒரே கயிறு.

பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று படித்திருப்பீர்கள். "நான் நாளை வருவேன்" என்று முருகன் கூறினான் என்பது நேர்க்கூற்று. தான் மறுநாள் வருவதாக முருகன் கூறினான் என்பது அயற்கூற்று. 'நான்' தான் ஆகிறது, 'நாளை' மறுநாள் ஆகிறது. ஆனால் 'வருவதாக' என்பதில் எதிர்காலம் எதிர்காலமாகவே இருக்கிறது. ஆளையும் நாளையும் மாற்றுகிற தமிழ், காலத்தில் கை வைப்பதில்லை. இந்தியும் ரஷ்ய மொழியும்கூட இந்த விஷயத்தில் நம் கட்சிதான். ஆங்கிலம்தான் வேறு மாதிரி.

ஆங்கிலத்தில் இன்டைரக்ட் ஸ்பீச் என்றால், பேசியவர் நின்ற இடத்தை விட்டுவிட்டு, அதைத் திருப்பிச் சொல்பவர் நிற்கிற இடத்துக்கு வாக்கியம் முழுவதையும் நகர்த்துவது. நேற்று முருகன் "ஐ ஆம் ஹங்ரி" என்றான். அவனுக்கு அது நிகழ்காலம். இன்று அதைச் சொல்கிற எனக்கு அவன் சொன்னதும் நேற்று, அவன் பசியும் நேற்று. ஆகவே "முருகன் செட் தட் ஹீ வாஸ் ஹங்ரி". 'ஐ' போய் 'ஹீ' வந்தது, ஏனென்றால் எனக்கு அவன் 'ஹீ'. 'ஆம்' போய் 'வாஸ்' வந்தது, ஏனென்றால் எனக்கு அது கடந்தகாலம். அட்டவணையில் இருக்கிற மாற்றங்கள் எல்லாமே இந்த ஒரு நகர்வின் விளைவுகள். யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்ற கேள்விகளை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுக்கொண்டால் அட்டவணையைப் பாதி மறந்தாலும் பாதகமில்லை.

இதே காரணத்தால்தான் ரிப்போர்ட்டிங் வெர்ப், அதாவது 'சொன்னான்' என்று பேச்சை அறிமுகப்படுத்தும் வினை, 'சேஸ்' என்றோ 'வில் சே' என்றோ இருந்தால் டென்ஸ் மாறுவதில்லை. "முருகன் சேஸ், 'ஐ ஆம் ஹங்ரி'" என்பது "முருகன் சேஸ் தட் ஹீ இஸ் ஹங்ரி" என்றே ஆகும். சொல்பவரும் நிகழ்காலத்தில்தான் நிற்கிறார், நகர்த்த எதுவும் இல்லை. ஆனால் ஆள் மாறும். 'ஐ' என்பதை 'ஹீ' ஆக்காமல் விட்டுவிட்டு, "நோ சேஞ்ச் என்றுதானே சொன்னார்கள்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மாறாதது டென்ஸ் மட்டும்தான்.

டென்ஸ் மாற்றத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், எல்லாமே ஒரு படி பின்னால் போகிறது. 'கோ' என்பது 'வென்ட்', 'ஆம் கோயிங்' என்பது 'வாஸ் கோயிங்', 'ஹாவ் கான்' என்பது 'ஹேட் கான்'. 'வென்ட்' என்பதும் 'ஹேட் கான்' ஆகும். 'ஹேட் கான்' ஏற்கெனவே கடைசிப் படியில் இருப்பதால் அங்கேயே நிற்கும். 'வில்' வுட் ஆகும், 'கேன்' குட் ஆகும், 'மே' மைட் ஆகும். வுட், குட், மைட், ஷுட், ஆட் டு, யூஸ்ட் டு ஆகியவை அசையாது.

'மஸ்ட்' மட்டும் கொஞ்சம் தகராறு. கட்டாயம் என்ற பொருளில் வந்தால் 'ஹேட் டு' ஆகலாம். "ஐ மஸ்ட் கோ" என்பது "ஹீ செட் தட் ஹீ ஹேட் டு கோ". ஆனால் ஊகமாக வந்தால், அதாவது "அவருக்கு அறுபது வயதாவது இருக்க வேண்டும்" என்கிற மாதிரி வந்தால், 'மஸ்ட் பி' அப்படியே இருக்க வேண்டும். அங்கே 'ஹேட் டு' போட்டால் அறுபது வயதாக இருந்தே தீர வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டது போல ஆகிவிடும்.

இந்த 'வுட்' விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தேர்வு எழுதாதவர்களும் தினமும் இதில் சறுக்குகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் "த மினிஸ்டர் செட் தட் த மேட்டூர் டேம் வுட் பி ஓபன்ட் ஆன் ஜூன் 12" என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். குறுவைக்கு மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த 'வுட்' என்ற சொல்லைப் பார்த்ததும், "திறந்தாலும் திறப்பாங்க போல, உறுதியா சொல்லலையே" என்று படிக்கிறவர்கள் பலர். அமைச்சர் சொன்னது 'வில்'. உறுதியாகத்தான் சொன்னார். 'செட்' என்பதற்குப் பின்னால் வந்ததால் அது 'வுட்' ஆனது, அவ்வளவே. அவர் சந்தேகமாக 'மே' என்று சொல்லியிருந்தால் அச்சில் 'மைட்' வந்திருக்கும். பத்திரிகை படிக்கும்போது மனதுக்குள் ஒரு படி முன்னால் நகர்த்திப் படிக்கப் பழகினால் இன்டைரக்ட் ஸ்பீச் தானாக வரும். இலக்கணப் பயிற்சி நூலைவிட அன்றாடச் செய்தித்தாள் இதற்கு நல்ல வாத்தியார் என்பது என் அபிப்பிராயம்.

படி பின்னால் போகாத இடங்களும் உண்டு. என்றும் மாறாத உண்மை ஒன்று. "த டீச்சர் செட் தட் த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்" என்பதில் 'கோஸ்' அப்படியே இருக்கும். ஆசிரியர் சொன்னது நேற்றாக இருக்கலாம், பூமி இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 'வென்ட்' என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் அது பிழை இல்லை, ஆனால் நம் ஊர்த் தேர்வுகளில் 'கோஸ்' என்பதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அடுத்து, தேதியோடு நிலைபெற்ற சரித்திர நிகழ்ச்சி. "இந்தியா பிகேம் ஃப்ரீ இன் 1947" என்று அவர் சொன்னதை 'ஹேட் பிகம்' ஆக்க வேண்டியதில்லை. நடக்காததைக் கற்பனை செய்கிற "இஃப் ஐ வேர் ரிச், ஐ வுட் பை எ ஹவுஸ்" போன்ற வாக்கியத்தில் ஆளை மட்டும் மாற்றி, மற்றதை விட்டுவிட வேண்டும்.

இன்னும் நுணுக்கமான ஓர் இடம் உண்டு. நேற்று கவிதா "ஐ லிவ் இன் சேலம்" என்றாள். இன்றும் அவள் சேலத்தில்தான் இருக்கிறாள். "கவிதா செட் ஷீ லிவ்ஸ் இன் சேலம்" என்றும் சொல்லலாம், "லிவ்ட்" என்றும் சொல்லலாம். முதலாவதில் சொல்பவரும் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்ட தொனி இருக்கிறது. இரண்டாவதில் 'அவள் சொன்னாள், அவ்வளவுதான்' என்று சற்று விலகி நிற்கலாம். பேச்சில் ஆங்கிலேயர்கள் இப்படி இரண்டு விதமாகவும் சொல்வார்கள். 'வென்ட்' என்பதை 'ஹேட் கான்' ஆக்காமலும் நிறையப் பேசுவார்கள். ஆங்கிலப் படங்களையும் பேட்டிகளையும் பார்த்துவிட்டு "நீங்க சொன்ன விதிப்படி அவங்களே பேசலையே" என்று கேட்காதீர்கள். பொருள் குழம்பாத இடத்தில் அவர்கள் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வுத்தாளில் அந்தச் சுதந்திரம் நமக்குக் கிடையாது, அங்கே படி பின்னால் போய்விடுவதுதான் பத்திரம்.

நாளும் இடமும் காட்டும் சொற்களும் இதே கதைதான். டுடே என்பது தட் டே, டுமாரோ என்பது த நெக்ஸ்ட் டே, எஸ்டர்டே என்பது த டே பிஃபோர், அகோ என்பது பிஃபோர், ஹியர் என்பது தேர், திஸ் என்பது தட். உண்மை வாழ்க்கையில் இவை எப்போதும் மாற வேண்டும் என்றில்லை. காலையில் ஒருவர் "ஐ வில் கம் டுடே" என்றதை அன்று மதியமே சொல்கிறேன் என்றால் 'டுடே' அப்படியே நிற்கலாம், ஏனென்றால் எனக்கும் அது இன்றுதான். அதே அறையில் நின்று சொன்னால் 'ஹியர்' மாற வேண்டியதில்லை. தேர்வில் எப்போது, எங்கே என்று தரமாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

ஆள் மாற்றத்துக்கு எஸ்.ஓ.என்., அதாவது சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், நோ சேஞ்ச் என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். மேற்கோளுக்குள் இருக்கும் தன்மை, சொன்னவரைப் பார்த்து மாறும். முன்னிலை, கேட்டவரைப் பார்த்து மாறும். படர்க்கை மாறாது. நல்ல சூத்திரம்தான். "ஹீ செட் டு மீ, 'யூ ஆர் லேட்'" என்பதில் கேட்டவர் நான், ஆகவே "ஹீ டோல்ட் மீ தட் ஐ வாஸ் லேட்". இங்கேதான் மாணவர்கள் 'யூ' என்பதைப் பார்த்ததும் யோசிக்காமல் 'ஹீ' போடுகிறார்கள், தாமதமாக வந்தவர் மாறிப்போகிறார்.

'செட் டு' என்பது 'டோல்ட்' ஆகும் என்பது தெரியும். ஆனால் 'டோல்ட்' வந்த பிறகு 'டு' வரக்கூடாது என்பதுதான் கையில் நிற்பதில்லை. "ஹீ டோல்ட் டு மீ" என்பது நம் ஊர் முழுக்கக் கேட்கிற பிழை. "என்கிட்ட சொன்னான்" என்பதில் உள்ள 'கிட்ட' ஆங்கிலத்துக்குள் புகுந்து 'டு' ஆகிவிடுகிறது. 'செட்' வந்தால் ஆளைச் சொல்லாமல் விடலாம், சொன்னால் 'டு' வேண்டும். 'டோல்ட்' வந்தால் பெரும்பாலும் ஆளைச் சொல்லியாக வேண்டும், 'டு' வேண்டாம்.

இனி கேள்விகள். தமிழர்கள் அதிகமாக மதிப்பெண் இழக்கிற இடம் இதுதான் என்பேன், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

"வேர் டூ யூ லிவ்?" என்று அவர் என்னைக் கேட்டார். மாணவர்கள் எழுதுவது, "ஹீ ஆஸ்க்ட் மீ தட் வேர் டூ ஐ லிவ்". இதில் இரண்டு பிழைகள், இரண்டுக்கும் வேர் தமிழில். 'தட்' எங்கிருந்து வந்தது? "எங்கே இருக்கேன்னு கேட்டார்" என்பதில் உள்ள 'ன்னு'விலிருந்து. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கயிறு என்று சொன்னேன் அல்லவா? ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் கயிறு வேறு. சாதாரணச் செய்திக்கு 'தட்'. ஆமா, இல்லையா என்று கேட்கிற கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்'. வேர், வாட், வென், ஒய், ஹவ் என்று தொடங்குகிற கேள்விக்கு அந்தச் சொல்லே கயிறு, வேறொன்று சேர்க்கக்கூடாது.

இரண்டாவது பிழை சொல் வரிசை. தமிழில் கேள்வி கேட்க வரிசையை மாற்ற வேண்டியதில்லை, 'நீ எங்கே இருக்கே' என்றாலும் 'எங்கே இருக்கே நீ' என்றாலும் கேள்விதான். ஆங்கிலத்தில் கேள்வி என்பதற்கே அடையாளம் 'டூ', 'இஸ்', 'ஹாவ்' போன்ற துணைவினை முன்னால் வருவது. இன்டைரக்டில் அது கேள்வியாக இல்லாமல் கேள்வியைப் பற்றிய செய்தியாகிவிடுவதால், வரிசை சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும். கேள்விக்காகக் கொண்டுவரப்பட்ட 'டூ'வுக்கும் இனி வேலை இல்லை. ஆகவே "ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்". கடைசியில் கேள்விக்குறியும் கிடையாது, முற்றுப்புள்ளிதான்.

'டிட்' வந்தால் இன்னொரு சிக்கல். "டிட் யூ சீ மை பிரதர்?" என்று ரவி என்னைக் கேட்டதை மாற்றும்போது 'டிட்' மறையும், ஆனால் அது சுமந்திருந்த கடந்தகாலம் எங்கே போகும்? ஒரு படி பின்னால் போய் 'ஹேட் சீன்' ஆகும். "ரவி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் சீன் ஹிஸ் பிரதர்". 'டூ', 'டஸ்' மறைந்தால் 'சா', 'டிட்' மறைந்தால் 'ஹேட் சீன்' என்று கையை இரண்டு மூன்று நாள் பழக்கினால் போதும்.

இந்த வரிசைப் பிழை தேர்வோடு நிற்பதில்லை. "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ", "கேன் யூ டெல் மீ வாட் இஸ் த டைம்" என்று அலுவலகங்களில் தினமும் கேட்கிறோம். "வேர் ஹீ இஸ்", "வாட் த டைம் இஸ்" என்பதுதான் சரி. வால் கேள்விகள், அதாவது "யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?" என்பதில் வாலை வெட்டிவிட்டு 'இஃப்' போட்டால் முடிந்தது.

கட்டளையும் வேண்டுகோளும் எளிது என்று நினைத்து அலட்சியமாக விடுகிற பகுதி. 'டு' சேர்த்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் 'நாட் டு'. "சிட் டவுன்" என்பது "டோல்ட் ஹிம் டு சிட் டவுன்". "டோன்ட் டச் இட்" என்பது "டோல்ட் ஹிம் நாட் டு டச் இட்". 'டோன்ட்' உள்ளேயே கிடந்தால் தப்பு. 'ப்ளீஸ்' என்ற சொல் மறைந்து வினைக்குள் கரைந்து 'ரிக்வெஸ்டட்' ஆகும், இரண்டும் சேர்ந்து வரக்கூடாது. யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர் சொன்னால் 'அட்வைஸ்ட்', அதிகாரி சொன்னால் 'ஆர்டர்ட்', ஆபத்தைச் சொன்னால் 'வார்ன்ட்'. 'ஃபர்பேட்' எழுதினால் 'நாட்' வேண்டாம், தடுப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'டினைட்' என்பதும் அப்படித்தான். "ஐ டிட் நாட் டேக் இட்" என்றவனைப் பற்றி "ஹீ டினைட் தட் ஹீ ஹேட் நாட் டேக்கன் இட்" என்று எழுதினால், எடுத்தேன் என்று அவன் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! "டினைட் டேக்கிங் இட்" போதும்.

'சஜெஸ்ட்' என்ற வினை தனிரகம். "லெட்ஸ் கோ ஹோம்" என்றால் "ஹீ சஜெஸ்டட் கோயிங் ஹோம்" அல்லது "ஹீ சஜெஸ்டட் தட் தே ஷுட் கோ ஹோம்". "ஹீ சஜெஸ்டட் மீ டு கோ" என்பது படித்தவர்களும் மின்னஞ்சலில் எழுதுகிற பிழை. அட்வைஸ், டெல், ஆஸ்க் ஆகியவை ஆளை நேராக ஏற்றுக்கொண்டு 'டு' போடவிடும், 'சஜெஸ்ட்' விடாது.

வியப்பு வாக்கியங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 'ஹுர்ரே' என்றால் 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட்', 'அலாஸ்' என்றால் 'வித் சாரோ', "வாட் எ லவ்லி கார்டன்!" என்றால் "எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வெரி லவ்லி கார்டன்". 'அலாஸ்' என்று இன்று யாரும் வாய்திறந்து அழுவதில்லை, 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்' என்று பேசுகிற மனிதரையும் காண முடியாது. இது தேர்வுத்தாளில் மட்டுமே உயிரோடு இருக்கிற ஆங்கிலம். மதிப்பெண்ணுக்காகப் படியுங்கள், நேர்முகத் தேர்வில் பேசிவிடாதீர்கள். குட் மார்னிங் என்றால் 'கிரீட்டட்', தேங்க் யூ என்றால் 'தேங்க்ட்', கங்கிராஜுலேஷன்ஸ் என்றால் 'கங்கிராஜுலேட்டட்' என்று ஒரே வினையில் முடித்துவிடலாம். இவை உண்மையிலேயே பயன்படுபவை.

இப்போது தனித்தனி வாக்கியமாக இல்லாமல் ஓர் உரையாடலை மாற்றிப் பார்ப்போம், பல தேர்வுகளில் அப்படித்தான் கேட்கிறார்கள். வங்கி மேலாளரும் ஒரு வாடிக்கையாளர் அம்மாவும் பேசுகிறார்கள்.

மேலாளர்: "ஒய் ஹாவ் யூ கம் டுடே?"
அம்மா: "ஐ லாஸ்ட் மை பாஸ்புக் எஸ்டர்டே."
மேலாளர்: "ஹாவ் யூ ப்ராட் யுவர் ஆதார் கார்ட்?"
அம்மா: "நோ, சார். ஐ வில் ப்ரிங் இட் டுமாரோ."
மேலாளர்: "டோன்ட் ஃபர்கெட் டு ப்ரிங் எ ஃபோட்டோ."

மாற்றினால் இப்படி வரும்:

"த மேனேஜர் ஆஸ்க்ட் த கஸ்டமர் ஒய் ஷீ ஹேட் கம் தட் டே. ஷீ ரிப்ளைட் தட் ஷீ ஹேட் லாஸ்ட் ஹர் பாஸ்புக் த டே பிஃபோர். ஹீ ஆஸ்க்ட் ஹர் வெதர் ஷீ ஹேட் ப்ராட் ஹர் ஆதார் கார்ட். ஷீ ரிப்ளைட் ரெஸ்பெக்ட்ஃபுலி தட் ஷீ ஹேட் நாட், அண்ட் தட் ஷீ வுட் ப்ரிங் இட் த நெக்ஸ்ட் டே. ஹீ டோல்ட் ஹர் நாட் டு ஃபர்கெட் டு ப்ரிங் எ ஃபோட்டோ."

கவனிக்க வேண்டியவை சில. முதல் கேள்வியில் 'ஹாவ் யூ' என்ற வரிசை 'ஷீ ஹேட்' என்று திரும்பிவிட்டது. 'ஹாவ் கம்', 'லாஸ்ட்' என்ற இரண்டு வேறு டென்ஸும் 'ஹேட்' என்ற ஒரே படியில் வந்து சேர்ந்தன, அதில் குழப்பம் வேண்டாம். 'சார்' மறைந்து 'ரெஸ்பெக்ட்ஃபுலி' ஆனது. 'நோ' என்பதை அப்படியே எழுதாமல் 'ஷீ ஹேட் நாட்' என்று முழு வாக்கியமாக்க வேண்டும், சிலர் 'ரிப்ளைட் இன் த நெகட்டிவ்' என்றும் எழுதுவார்கள், அதுவும் சரி. ஒரே ஆள் அடுத்தடுத்துச் சொன்ன இரண்டு செய்திகளை 'அண்ட் தட்' போட்டு இணைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது 'தட்' விட்டுப்போனால், 'நாளை கொண்டுவருவேன்' என்பது அவர் சொன்னதா, எழுதுகிறவர் தன் பொறுப்பில் சொல்வதா என்று தெளிவில்லாமல் போகும். ஒவ்வொரு வரிக்கும் 'செட்' போடாமல் 'ரிப்ளைட்', 'ஆடட்', 'ஆஸ்க்ட்' என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். திருத்துகிறவர் முதலில் பார்ப்பது மேற்கோள் குறியையும் கேள்விக்குறியையும் எடுத்தீர்களா என்பதைத்தான், எழுதி முடித்ததும் அவற்றை மட்டும் தேடி ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.